ஜிநாட் டீபக் பெயர்களில் எழுத்துகள்: அறிகுறி பார்த்துப் பிழை தீர்ப்பது

அடா மொழியில் எழுதிய நிரலை ஜிநாட் கம்பைலரில் தொகுத்து, ஜிடிபி என்ற டீபகரில் (பிழை தேடும் கருவியில்) ஓட்டுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மூலக்கோப்பில் ஒற்றை மேற்கோளுக்குள் பளிச்சென்று ஓர் எழுத்து இருக்கிறது. தொகுத்த கோப்பில் உள்ள பெயர்களின் பட்டியலில், அதாவது சிம்பல் பட்டியலில், தேடினால் அது இல்லை. "க்யூயூ56" என்று ஏதோ இருக்கிறது. ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், "டபிள்யூ0பிஏ4டபிள்யூ0பிசிஏ" என்று நீண்டுகொண்டே போகிறது. கம்பைலரில் பிழையோ, டீபக் தகவல் கெட்டுப்போனதோ என்று சந்தேகம் வருவது இயல்புதான். பெரும்பாலும் இரண்டும் இல்லை. இந்தப் பெயர்களுக்கு ஒரு விதி இருக்கிறது, அது சின்னது, ஒருமுறை பிடிபட்டால் மறக்காது. அதைச் சொல்லிவிட்டு, எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்று கீழே போகிறேன்.

பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதுகிறேன். க்யூ, யூ, டபிள்யூ, ஓ என்று வரும் குறிகளைப் பெரிய எழுத்தாகவும், ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணில் வரும் ஏ முதல் எஃப் வரையானவற்றைச் சிறிய எழுத்தாகவும் படித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் விதி

அடாவுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அதனால் நீங்கள் வைக்கும் எல்லாப் பெயர்களையும் ஜிநாட் சிறிய எழுத்துக்கு மாற்றித்தான் உள்ளே வைத்துக்கொள்கிறது. அப்படிச் செய்ததும் 26 பெரிய எழுத்துகளும் கம்பைலரின் சொந்த உபயோகத்துக்கு மிச்சமாகின்றன. டீபக் பெயரில் ஒரு பெரிய எழுத்தைப் பார்த்தால், அது நீங்கள் எழுதியது இல்லை, கம்பைலர் போட்ட குறி. சிக்கலான பெயர் எது வந்தாலும் முதலில் பெரிய எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

யூ வந்தால் அடுத்த இரண்டு இடம் ஹெக்ஸ் எண்: ஒரு பைட்டில் அடங்கும் லத்தீன்-1 அட்டவணையில் உள்ள ஓர் எழுத்து. டபிள்யூ வந்தால் அடுத்த நான்கு இடம். இரண்டு டபிள்யூ சேர்ந்து வந்தால் அடுத்த எட்டு இடம். நான்கு இலக்கத்தில் அடங்காத யூனிகோட் எழுத்துகளுக்கு இது. ஓ வந்தால் அது ஓர் ஆபரேட்டர். க்யூ வந்தால் எழுத்து லிட்டரல், அதாவது மூலக்கோப்பில் ஒற்றை மேற்கோளுக்குள் இருந்தது. க்யூவுக்கு அப்புறம் சிறிய லத்தீன் எழுத்தோ இலக்கமோ அப்படியே வரும். மற்ற எதுவானாலும் மேலே சொன்ன யூ அல்லது டபிள்யூ வடிவத்தில் வரும். இரட்டை அடிக்கோடு பேக்கேஜ் பெயரைப் பிரிக்கும் புள்ளிக்குப் பதிலாக நிற்பது.

இதில் பெரும்பகுதி ஜிநாட்டின் மூலநிரலில் நேம்ட் என்ற ஸ்பெக் (அறிவிப்பு) கோப்பின் தலைப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு நிரலோடு கூடவே திருத்தப்படும் ஆவணம் அது. அடாவில் டீபக் வேலை செய்கிற எவரும் ஒருமுறையாவது அதை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே ஒரு வரி மிக முக்கியம்: எழுத்து லிட்டரலின் பெயர்கள் டீபக் செய்யவும் பிழைச் செய்தி காட்டவும் மட்டுமே பயன்படுகின்றன. அதாவது இந்தப் பெயரை டீபகர் தப்பாகப் புரிந்துகொண்டாலும் நிரல் ஓடுவதில் ஒரு மாற்றமும் வராது. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவற்றில் நிரல் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்; பார்க்கும் கருவிதான் குழம்பியிருக்கும்.

அறிகுறி: எழுத்து வர வேண்டிய இடத்தில் "க்யூயூ" என்று தொடங்கும் பெயர்

அடா மொழிக் கையேட்டில் உள்ள ரோமன் இலக்க எனத்தையே (எனம் என்றால் மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்ட வகை) எடுத்துக்கொள்வோம். ஐ, வி, எக்ஸ், எல், சி, டி, எம் என்ற ஏழு பெரிய எழுத்துகளை லிட்டரல்களாகக் கொண்ட வகை அது. இதை "ரோமன்" என்ற பேக்கேஜில் வைத்துத் தொகுத்தால், டீபக் தகவலில் முதல் லிட்டரல் "ரோமன்__க்யூயூ49" என்றும், அடுத்தது "ரோமன்__க்யூயூ56" என்றும், மூன்றாவது "ரோமன்__க்யூயூ58" என்றும் பதிவாகும். 49, 56, 58 ஆகியவை அந்தந்த எழுத்தின் ஆஸ்கி ஹெக்ஸ் எண்கள். எல் 4சி, சி 43, டி 44, எம் 4டி.

ஜிடிபியில் இப்படிக் கச்சாவாகத் தெரிந்தால், டீபகர் அப்போது அடா மொழி நிலையில் இல்லை என்று அர்த்தம். அடாவும் சி-யும் கலந்த நிரலில் சி ஃப்ரேமில் நிற்கும்போது இது அடிக்கடி நடக்கும். "செட் லாங்வேஜ் அடா" கொடுத்துவிட்டு மறுபடி பிரின்ட் செய்யுங்கள். மேற்கோளுக்குள் எழுத்து வந்துவிடும். பார்த்து முடித்ததும் "செட் லாங்வேஜ் ஆட்டோ" கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். கம்பைலர் உண்மையில் என்ன பெயர் எழுதியது என்று தெரிய வேண்டுமானால் வேண்டுமென்றே "செட் லாங்வேஜ் சி" கொடுத்து "பிடைப்" (வகையின் விவரத்தைக் காட்டும் கட்டளை) செய்யுங்கள். கீழே வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் முதல் சோதனை.

அதே கையேட்டில் இன்னொரு எனம் உண்டு: மேற்கோளுக்குள் இருக்கும் பெரிய பி-யும், மேற்கோள் இல்லாத வெறும் பி-யும் ஒரே வகையில் இரண்டு வெவ்வேறு மதிப்புகள். பார்த்தால் மோதுவது போலத் தெரியும். டீபக் தகவலில் மோதாது. முதலாவது "க்யூயூ42", இரண்டாவது சிறிய எழுத்துக்கு மாறிய வெறும் "பி". அந்த வகையிலேயே உள்ள நட்சத்திரக் குறி "க்யூயூ2ஏ", கேள்விக்குறி "க்யூயூ3எஃப்", சதவீதக் குறி "க்யூயூ25".

ஒன்றைக் கவனியுங்கள். அடாவின் சொந்த கேரக்டர் வகைக்கு இந்தப் பெயர்கள் வராது. அது டுவார்ஃப் என்ற டீபக் தகவல் வடிவத்தில் அடிப்படை வகையாகவே பதிவாகிறது. அதனால் கேரக்டர் மாறியை பிரின்ட் செய்தால் 86 என்ற எண்ணும் பக்கத்தில் எழுத்தும் வரும். ரோமன் இலக்க மாறியை பிரின்ட் செய்தால் எழுத்து மட்டும் வரும். இரண்டும் சரிதான்.

அறிகுறி: பெரிய எழுத்து சரியாக வருகிறது, சிறிய எழுத்துக்கு மட்டும் எண் வருகிறது

எனத்தில் சிறிய வி ஒரு லிட்டரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிபியில் வகைப் பெயரோடு சேர்த்து அதை பிரின்ட் செய்தால் எழுத்துக்குப் பதில் 118 வருகிறது. பெரிய வி-க்கு இந்தத் தொல்லை இல்லை.

118 என்பதே துப்பு. அது சிறிய வி-யின் ஆஸ்கி எண், ஹெக்ஸில் 76. பழைய ஜிடிபி எந்த எழுத்தைக் கொடுத்தாலும் யூவும் இரண்டு ஹெக்ஸ் இலக்கமும் சேர்த்து "க்யூயூ76" என்று தேடியது. கம்பைலரோ சிறிய எழுத்துக்கு யூ போடுவதில்லை. "க்யூ" போட்டு சிறிய வி-யை அப்படியே வைத்துவிடுகிறது. தேடிய பெயர் கிடைக்காததால் டீபகர் எண்ணையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இலக்க லிட்டரல்களிலும் இதே கதை.

தீர்வு ஜிடிபியைப் புதுப்பிப்பதுதான். நிறுவனத்தின் பழைய டூல்செயினோடு கட்டிப்போட்டிருந்தால், எழுத்தை விட்டுவிட்டு இடத்தை வைத்து வேலை செய்யுங்கள்: மதிப்பின் இடத்தைத் தரும் "போஸ்" ஆட்ரிப்யூட்டும், இடத்திலிருந்து மதிப்பைத் தரும் "வால்" ஆட்ரிப்யூட்டும் ஜிடிபிக்குத் தெரியும். எனத்தில் ஐந்தாவது லிட்டரல் வேண்டுமென்றால் "வால்" போட்டு 4 கொடுங்கள், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால்.

அறிகுறி: நிபந்தனையோடு வைத்த பிரேக்பாயின்ட் நிற்கவே இல்லை

மாறி வி-க்குச் சமமானால் நில் என்று நிபந்தனை வைக்கிறீர்கள். மாறியில் வி இருக்கிறது, கண்ணால் பார்க்கிறீர்கள், ஆனாலும் நிரல் நிற்காமல் ஓடுகிறது.

ரோமன் இலக்க வகையில் வி-யின் இடம் 1. கேரக்டர் வகையில் அதன் மதிப்பு 86. மேற்கோளுக்குள் வெறும் எழுத்தைக் கொடுத்தால் எந்த வகையின் வி என்று டீபகருக்குத் தெரிய வழியில்லை. சாதாரண கேரக்டராக எடுத்துக்கொண்டால் 1-ஐயும் 86-ஐயும் ஒப்பிடுகிறது. நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. அடாவில் எழுதுவது போலவே வகைப் பெயர், மேற்கோள் குறி, அடைப்புக்குறிக்குள் லிட்டரல் என்று முழுதாக எழுதுங்கள். அப்போது டீபகர் அந்த வகையின் லிட்டரல் பட்டியலில் "க்யூயூ56" என்று முடியும் பெயரைத் தேடி, சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

சந்தேகம் இருந்தால் நிபந்தனையில் வைப்பதற்கு முன் அந்தக் கோவையைத் தனியாக பிரின்ட் செய்து பாருங்கள். எழுத்து வந்தால் சரி, எண் வந்தால் வகை சேரவில்லை.

அறிகுறி: சிம்பல் பட்டியலில் கிரெப் (உரைத் தேடல் கருவி) செய்தால் கிடைக்கவில்லை, அல்லது கண்டதெல்லாம் கிடைக்கிறது

இரண்டுக்கும் ஒரே காரணம். யூனிகோட் அட்டவணையில் க-வின் எண் பெரிய பி-யோடு 0பி95 என்று அச்சாகியிருக்கும். அதை அப்படியே நகலெடுத்துத் தேடினால் கிடைக்காது. ஜிநாட் ஹெக்ஸ் எழுத்துகளைச் சிறியதாகத்தான் எழுதும். சரி, பெரிய சிறிய வேறுபாட்டைப் பார்க்காமல் தேடு என்று கிரெப்பிடம் சொன்னாலோ விதியின் அடிப்படையே போய்விடுகிறது. சிறிய யூ லிட்டரலின் பெயர் "க்யூ" உடன் சிறிய யூ. பெரிய யூ லிட்டரலின் பெயர் "க்யூயூ55". வேறுபாடு பார்க்காத தேடலில் முதலாவதைத் தேடினால் யூ குறி போட்ட அத்தனை லிட்டரல்களும் வந்து கொட்டும்.

பெரிய லத்தீன் எழுத்துகளை ஏன் நேரடியாகப் போடாமல் ஹெக்ஸில் போடுகிறார்கள் என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பெரிய யூவையும் பெரிய டபிள்யூவையும் அப்படியே போட்டால் அவை எழுத்தா, குறியா என்று தெரியாது.

அறிகுறி: தமிழ் லிட்டரல் இருக்கும் வரியிலேயே கம்பைலர் பிழை

பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் லிட்டரல்களாக வைத்து ஓர் எனம் எழுதலாம், மொழி இதை அனுமதிக்கிறது. ஆனால் ஜிநாட்டிடம் கோப்பு யுடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது லத்தீன்-1 என்றே படிக்கும். க என்ற ஒரே எழுத்து யுடிஎஃப்-8 இல் இ0, ஏஇ, 95 என மூன்று பைட்டுகள். மேற்கோளுக்குள் ஒன்றுக்கு மூன்று எழுத்து இருப்பதாகக் கம்பைலர் எடுத்துக்கொண்டு பிழை சொல்கிறது. "-ஜிநாட்டபிள்யூ8" கொடியைத் தொகுப்புக் கட்டளையில், இன்னும் நல்லது புராஜெக்ட் கோப்பிலேயே, சேர்த்துவிடுங்கள். டபிள்யூ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

கொடி போட்ட பிறகும் கா, கி, கு போன்றவற்றில் பிழை வந்தால் அது தொகுப்பின் குறை இல்லை. நமக்குக் கா ஓர் எழுத்து; யூனிகோடுக்கு அது க என்ற 0பி95-உம், கால் என்ற 0பிபிஇ-உம் சேர்ந்த இரண்டு குறியீடுகள். எழுத்து லிட்டரலுக்குள் ஒரு குறியீட்டுக்குத்தான் இடம். உயிர்மெய்யை எனமாக வைக்க நினைத்தால் மேற்கோளை விட்டுவிட்டு, கா என்பதை வெறும் பெயராக எழுதுங்கள். பெயருக்குள் எத்தனை குறியீடுகளும் வரலாம், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் முதலிடத்தில் வராதவரை.

அறிகுறி: தமிழ் எழுத்துக்குப் பதில் சதுர அடைப்புக்குள் "0பி85"

இது பிழையே இல்லை. எனத்தின் அ என்ற லிட்டரல் டீபக் தகவலில் "க்யூடபிள்யூ0பி85" என்று இருக்கிறது. ஜிடிபி அதைப் புரிந்துகொண்டு, அச்சிடக்கூடிய ஆஸ்கியாக இல்லாததால், ஜிநாட்டின் சதுர அடைப்பு வடிவத்தில் காட்டுகிறது. அதே வடிவத்தை நீங்களும் தட்டச்சு செய்யலாம்: ஒற்றை மேற்கோள், சதுர அடைப்பு, இரட்டை மேற்கோள், எண். டெர்மினல் தமிழைக் காட்டுமா என்ற கவலையே வேண்டாம் என்பதால் எனக்கு இந்த வடிவம்தான் பிடித்தமானது.

அட்டவணையை ஒவ்வொரு முறையும் திறக்காமல் இருக்க இந்த எல்லைகளை மனதில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்த் தொகுதி 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. உயிர்கள் 0பி85 இல் தொடங்கி 0பி94 இல் முடியும், நடுவில் சில இடங்கள் காலி. மெய்கள் 0பி95 க முதல் 0பிபி9 ஹ வரை. உயிர்மெய்க் குறிகள் 0பிபிஇ முதல் 0பிசிசி வரை, புள்ளி 0பிசிடி. பெயரில் புள்ளியின் எண் கண்ணில் பட்டால் அதற்கு முந்தையது ஒற்று என்று உடனே தெரிந்துவிடும்.

2019 இல் யூனிகோட் 12 இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண்கள் இந்தத் தொகுதிக்கு வெளியே இருக்கின்றன. 320 இல் ஒரு பங்கான முந்திரியின் எண் 11எஃப்சி0. நான்கு இலக்கத்தில் அடங்காததால் விதிப்படி அதற்கு இரட்டை டபிள்யூவும் 00011எஃப்சி0 என்ற எட்டு இலக்கமும் வரும். பழைய ஜிடிபி இரட்டை டபிள்யூவைப் பிரித்தறியாமல் கச்சாப் பெயரையே காட்டிவிடும்.

அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் வைக்க முடியவில்லை

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போகிறது, அதனால் விரிவாகவே பார்ப்போம். "கடை" என்று படிக்கும்படி லத்தீன் எழுத்தில் பெயரிட்ட ஒரு பேக்கேஜ், அதற்குள் தொகை என்று தமிழிலேயே பெயரிட்ட ஃபங்ஷன். த 0பிஏ4, ஒகரக் குறி 0பிசிஏ, க 0பி95, ஐகாரக் குறி 0பிசி8. ஆக, தொகுத்த கோப்புகளை இணைக்கும் லிங்கர் பார்க்கும் பெயர் "கடை__டபிள்யூ0பிஏ4டபிள்யூ0பிசிஏடபிள்யூ0பி95டபிள்யூ0பிசி8". முதலில் சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கருவியால் ஆப்ஜெக்ட் கோப்பைப் பார்த்து இந்தப் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் இருக்கிறது, ஜிடிபி மட்டும் தெரியாது என்கிறது என்றால், கேள்வி ஜிடிபியின் எழுத்துத் தொகுப்பு அமைப்பில் இருக்கிறது. 2022 இல் வந்த ஜிடிபி 12 இல் "செட் அடா சோர்ஸ்-சார்செட்" என்ற கட்டளை சேர்ந்தது. அதன் இயல்பு மதிப்பு ஐஎஸ்ஓ-8859-1. ஜிநாட்டின் இயல்பும் அதுவே என்பதால். உங்கள் கோப்பு யுடிஎஃப்-8 என்றால் இதையும் யுடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும். எப்போது மாற்றுகிறீர்கள் என்பது முக்கியம். டீபக் தகவலிலிருந்து பெயர்களைப் படிக்கும்போதே இந்த அமைப்பு பயன்பட்டுவிடுகிறது. நிரலை ஏற்றிய பிறகு மாற்றினால் ஏற்கெனவே படித்த பெயர்கள் பழைய வடிவத்திலேயே இருந்துவிடலாம், "கட்டளை கொடுத்தும் வேலை செய்யவில்லையே" என்ற புலம்பல் அங்கேதான் வருகிறது. உங்கள் ஜிடிபிஇனிட் கோப்பில் போடுங்கள், அல்லது நிரல் ஏறுவதற்கு முன்பே ஓடும்படி "-ஐஇஎக்ஸ்" தெரிவோடு கொடுங்கள்.

ஜிடிபி பழையதா? லிங்கர் பெயரையே கோண அடைப்புக்குள் வைத்து பிரேக் கட்டளைக்குக் கொடுங்கள். கோண அடைப்புக்குள் இருப்பதை ஜிடிபி சிறிய எழுத்துக்கு மாற்றாது, உள்ளபடியே தேடும். அடைப்பு இல்லாமல் கொடுத்தால் டபிள்யூ எல்லாம் சிறியதாகி, இல்லாத பெயரைத் தேடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் ஒகரத்தைச் சந்தேகியுங்கள். தொகையின் கொம்புக்காலை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 0பிசிஏ என்ற ஒரே குறி, அல்லது எகரக் கொம்பு 0பிசி6-உம் கால் 0பிபிஇ-உம் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சிம்பல் பெயரில் ஒன்றில் நான்கு டபிள்யூ, மற்றதில் ஐந்து. ஒருவர் விசைப்பலகையில் எழுதிய பெயரை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தட்டினாலோ, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலிருந்து நகலெடுத்தாலோ இது நடக்கும். ஓகாரம் 0பிசிபி, ஔகாரம் 0பிசிசி ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு. பெயரில் உள்ள டபிள்யூக்களை எண்ணுங்கள், எந்த வடிவம் என்று தெரிந்துவிடும். மூலக்கோப்புகளை எல்லாம் யூனிகோடின் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய) வடிவத்துக்கு மாற்றி வைப்பதே நிரந்தரத் தீர்வு. தமிழில் பெயர் வைக்கும் குழு எதுவானாலும் கமிட் செய்யும்போதே இந்தச் சோதனை ஓடும்படி வைத்துவிட வேண்டும்; பின்னால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது பெரும்பாடு.

அறிகுறி: சிபிளஸ்பிளஸ்ஃபில்ட் பெயரைப் பிரிக்காமல் கோண அடைப்புக்குள் போடுகிறது

சிபிளஸ்பிளஸ்ஃபில்ட் என்பது கச்சாப் பெயர்களைப் படிக்கக்கூடிய பெயர்களாக மாற்றும் கருவி. அதனிடம் ஜிநாட் வடிவம் என்று சொல்லிக் கொடுத்தாலும் தமிழ்ப் பெயர் "கடை__டபிள்யூ..." என்றே வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கருவி சிறிய எழுத்துப் பெயர்களையும் ஆபரேட்டர்களையும் எதிர்பார்க்கிறது. புரியாததைக் கோண அடைப்புக்குள் அப்படியே திருப்பித் தருகிறது. நான்கு நான்கு இலக்கமாக எடுத்து எழுத்தாக மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது, பத்து வரிகூட ஆகாது.

அறிகுறி: "ஓ" என்று தொடங்கும் பெயர்

இது எழுத்தே இல்லை, ஆபரேட்டர். கூட்டல் "ஓஆட்", சமம் "ஓஈக்யூ", இணைப்புக் குறி "ஓகான்கேட்". முதல் ஓ மட்டும் பெரியது, மிச்சம் சிறியது. ஜிடிபியில் இரட்டை மேற்கோளுக்குள் ஆபரேட்டரையே கொடுத்து பிரேக்பாயின்ட் வைக்கலாம்.

அறிகுறி: மூன்று அடிக்கோடும் எக்ஸ்-உம் வரும் வால்

அது வேறு குடும்பம்: ரீநேமிங், பேக் செய்த அரே, மாறும் அளவுள்ள ரெக்கார்ட் போன்ற வகை விவரங்களுக்கான குறிகள். எக்ஸ்ப்-டிபக் என்ற ஸ்பெக் கோப்பில் அவற்றின் விளக்கம் இருக்கிறது. "-எஃப்ஜிநாட்-என்கோடிங்ஸ்" தெரிவை "மினிமல்" என்று மாற்றினால் அவை பெரிதும் குறைந்து டுவார்ஃப் வடிவத்துக்கு மாறும். க்யூ, யூ, டபிள்யூ குறிகளை அந்தத் தெரிவு தொடாது.

அறிகுறி: டீபகரில் எழுத்து வருகிறது, நிரலின் வெளியீட்டில் எண் வருகிறது

இதுவரை பார்த்ததற்கு நேர் எதிர். ஜிடிபி வி என்று சரியாகக் காட்டுகிறது; மதிப்பை உரையாக மாற்றும் "இமேஜ்" ஆட்ரிப்யூட்டை வைத்து நிரல் அச்சிட்டால் 1 வருகிறது. அந்த எனத்துக்கோ பேக்கேஜுக்கோ யாரோ "டிஸ்கார்ட் நேம்ஸ்" பிராக்மா (கம்பைலருக்கான அறிவுறுத்தல்) போட்டிருப்பார்கள், நினைவகம் குறைந்த எம்பெடட் போர்டுகளுக்கான நிரலில் இது சகஜம். இமேஜுக்கு வேண்டிய பெயர்ப் பட்டியல் நிரலுக்குள்ளேயே தனியாகச் சேமிக்கப்படுகிறது; பிராக்மா அதை நீக்கிவிடுகிறது, அதன்பின் இமேஜ் இடத்தின் எண்ணையே தரும். டீபக் தகவலில் உள்ள "க்யூயூ56" அந்தப் பட்டியலைச் சார்ந்தது இல்லை, அதனால் அது அப்படியே இருக்கிறது. லாகில் எழுத்து வேண்டுமானால் பிராக்மாவை அந்த ஒரு வகைக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். நினைவகம் இடம் கொடுக்காவிட்டால் லாகில் எண்ணையே விட்டுவிட்டு, ஜிடிபியில் "வால்" போட்டு அந்த எண்ணைக் கொடுத்து எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.